பப்புவாவுக்குப் போன பிடிமண்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு தடவை நோட்டு வாங்கி நாலு வரி எழுதினேன். அப்பாவுக்கு மனசு சங்கடப்படுமே என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நான் பெரிய படிப்பு படித்தவள் இல்லை, பிளஸ் டூவோடு நின்றுபோனது. வாசல் தெளித்து, விளக்கேற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுகிற சாதாரணக் குடும்பப் பெண். போன மாசம் சொந்தத்தில் ஒரு சீர் வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், "உங்க சித்தப்பன் சாமி மண்ணைத் திருடிட்டுக் காட்டுக்கு ஓடிப்போனவன்தானே?" என்று ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டே கேட்டார். பக்கத்தில் இருந்தவர் ஒரு படி மேலே போய், அந்தக் காட்டுச் சனம் மருந்து வைத்து மயக்கிவிட்டது என்றார். நான் பாதியிலேயே இலையை மடித்துவிட்டு எழுந்தேன். நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். எங்கள் அம்மன் சாட்சியாக, பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயசு. டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்கிற ஊரில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ரெண்டாயிரம் வருஷம் பிறந்தால் உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் தேதி குழம்பி நின்றுபோகும் என்று வெள்ளைக்காரர்கள் பயந்துகொண்டிருந்த சமயம். அந்தப் பயத்தின் புண்ணியத்தில் நம் பக்கத்துப் பையன்கள் வாரத்துக்கு நாலு பேர் வந்து இறங்கினார்கள். அதில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக் கார்பெட்டில் ஒரு வாரமாவது படுத்து எழுந்தவர்கள்.

அந்த வீட்டில் பூஜை அறை கிடையாது. சமையலறையை ஒட்டிக் கதவு போட்ட ஒரு சாமான் அலமாரி. மேல்தட்டில் பருப்பு, கீழ்த்தட்டில் வெங்காயம், நடுத்தட்டில் சாமி. சாம்பிராணி போடுகிற வெள்ளிக்கிழமைகளில் கூரையில் இருக்கிற புகை மணி அலறாமல் இருக்க, அம்மா நாற்காலி போட்டு ஏறி, குளிக்கும்போது தலைக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பியை அதற்கு மாட்டிவிடுவாள். நடுத்தட்டில் படங்களுக்கு முன்னால் ஒரு பித்தளைச் சம்புடம். அதற்குள் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பிடி செம்மண். காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் குலதெய்வத்தின் காலடி மண்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊரை விட்டு வெகுதூரம் பிழைக்கப் போகிற குடும்பம் குலதெய்வக் கோயிலில் ஒரு பிடி மண் வாங்கிக்கொண்டு போவது வழக்கம். வழியில் எங்கேயும் தரையில் வைக்கக்கூடாது. போய்ச் சேர்ந்த இடத்தில் வைத்தால் அம்மன் அங்கேயும் வந்து இருப்பாள். எங்கள் அம்மா அதை மடியிலேயே வைத்துக்கொண்டு மூன்று பிளேன் மாறி வந்தாளாம். வழியெல்லாம் சாப்பாட்டுத் தட்டை வைக்க மடியில் இடமில்லாமல் என்னை அப்பா மடிக்குத் தள்ளிவிட்டதாக அப்பா சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருஷம்தான் சித்தப்பா வந்தார். அப்பாவுக்கு ஒரே தம்பி. கணக்கு வாத்தியாருக்குப் படித்துவிட்டு ஊரில் வேலை கிடைக்காமல், பேப்பரில் விளம்பரம் பார்த்து பப்புவா நியூ கினி என்கிற தேசத்துக்குப் போனவர். யாராவது கேட்டால் அப்பா, "தம்பி ஆஸ்திரேலியா பக்கம் இருக்கான்" என்று பேச்சை முடித்துவிடுவார். எனக்கும் ஆஸ்திரேலியா என்றுதான் நினைப்பு. ஏர்போர்ட்டில் சித்தப்பா ஒரு சூட்கேஸோடும், நார்க்கயிறு திரித்துப் பின்னிய ஒரு வலைப்பையோடும் வந்து நின்றார். அந்தப் பையின் வாரை நெற்றியில் மாட்டிப் பை முதுகில் தொங்கும்படி எனக்குக் காட்டினார். அங்கே பெண்கள் அப்படித்தான் கிழங்கு சுமப்பார்களாம். கைக்குழந்தை தூங்குவதும் அதற்குள்ளேதானாம்.

அந்த ஊர்ப் பைத்தியம் அன்றைக்குப் பிடித்தது எனக்கு. தமிழில் கேட்டால் எனக்குப் புரியும், இங்கிலீஷில்தான் பதில் பேசுவேன். சித்தப்பாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

"ஹவ் மெனி ஹவுசஸ்?"

"இருவத்தாறு ஊடு, அம்மணி. பன்னிக்குத் தனி ஊடு."

"இஸ் தேர் எ ஸ்கூல் பஸ்?"

"பஸ்ஸு வாறதுக்கு ரோடு வேணுமல்லொ?"

"தென் ஹவ் டு யூ கோ?"

"பிளேன்ல."

அந்த ஊர்ப் பிள்ளைகள் தினமும் பிளேனில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று நான் ஒரு வாரம் பொறாமைப்பட்டேன். பிறகு விளக்கமாகச் சொன்னார். மலைச் சரிவில் புல் தரைதான் ஓடுபாதை. குட்டி பிளேன் மேட்டைப் பார்த்து இறங்கும், பள்ளத்தைப் பார்த்துப் புறப்படும். ஏறுவதற்கு முன்னால் பையை மட்டுமல்ல, ஆளையும் எடை போடுவார்கள். இறங்கிய பிறகும் அரை நாள் நடை, நடுவில் கொடியில் கட்டிய பாலம். மத்தியானம் ஆனால் மழை. எந்நேரமும் வீட்டு நடுவில் கணப்பு. சாப்பாட்டுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மறுவேளைக்கும் அதே கிழங்கு. அவர்கள் எண்ணுவதற்கு உடம்பையே வைத்திருந்தார்களாம். கட்டைவிரலில் தொடங்கி, அஞ்சு விரல், மணிக்கட்டு, முன்கை, முழங்கை, மேற்கை, தோள், கழுத்து, காது, கண் என்று ஏறி, மூக்குக்கு வந்தால் பதினாலு. அங்கிருந்து மறுபக்கம் இறங்க வேண்டும். வகுப்பில் கணக்குப் பரீட்சையின்போது நான் மூக்கைத் தொட்டுக் கண்ணைத் தொட்டுக் கொண்டிருந்ததைப் பார்த்து, டீச்சர் எனக்குத் தலைவலி என்று நர்ஸிடம் அனுப்பிவிட்டார்.

"வில் யூ டேக் மீ?" என்று ராத்திரிச் சாப்பாட்டில் தினமும் கேட்பேன். சித்தப்பா சிரிப்பார். அப்பா சிரிக்கமாட்டார்.

அப்பாவின் திட்டம் வேறு. சனிக்கிழமைகளில் ஒரு மாமாவின் வீட்டு கராஜில் நடந்த பழைய கம்ப்யூட்டர் பாஷை வகுப்பில் சித்தப்பாவைச் சேர்த்துவிட்டார். கணக்குத் தலை ஆயிற்றே, மற்றவர்கள் மூன்று மாசத்தில் படித்ததைச் சித்தப்பா ஆறு வாரத்தில் முடித்தார். நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் கம்பெனி வைத்திருந்த ஒரு அங்கிள், வந்து சேரட்டும், விசா கிசா எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஃபோன் பண்ணிச் சொன்னார். அப்பா அன்றைக்குக் கூடத்தில் நடந்த நடையைப் பார்க்கவேண்டும். தம்பிக்கு கிரீன் கார்டு வாங்கி, கல்யாணமும் பண்ணி, பக்கத்துத் தெருவில் வீடும் வாங்கிவிட்டார், எல்லாம் அந்த நடையிலேயே. அம்மா கேசரி கிண்டினாள்.

கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் சித்தப்பா கேட்டார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளு."

"நம்ம பிடிமண்ணுல ஒரு சிட்டிகை வேணும். அந்த ஊருக்கு."

அப்பா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். சித்தப்பா நிதானமாகச் சொன்னார். அவருக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நாலு வாத்தியார்கள் வந்து, ஆறு மாசம் தாங்காமல் நாலு பேரும் போய்விட்டார்கள். இவர் ரெண்டு வருஷம் இருந்துவிட்டார். லீவில் கிளம்புகிற அன்றைக்கு, இவர் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா பள்ளிக்கூடத்தைப் பூட்டி, சாவியைத் தன் வலைப்பையில் போட்டுக்கொண்டாளாம். அங்கே ஒவ்வொரு மேட்டுக்கும் ஓடைக்கும் சொந்தக்காரச் சனம் உண்டு. மண்தான் ஆளுக்கு அடையாளம். உன் காலு இங்கே இருக்கிறது, உன் மண்ணு எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டாளாம். இவர் எங்கள் அம்மனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் உன் சாமியையும் கூட்டிக்கொண்டு வா, இல்லையென்றால் வரவேண்டாம், பாதியில் போகிற வாத்தியாருக்கு எங்கள் பிள்ளைகளைப் பழக்கமாட்டோம் என்றாளாம். சாமியை வைக்க ஓடை ஓரம் ஒரு மேடும் காட்டியிருக்கிறாள். முப்பது பிள்ளைகள். பள்ளிக்கூடம் பூட்டித்தான் கிடக்கிறது.

"வரவேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்கல்ல? நல்லதாப் போச்சு" என்றார் அப்பா.

அம்மா மெதுவாக, "ஏந் தம்பி, ஊருக்குப் போயிப் பூசாரிகிட்டயே வாங்கிக்கலாமே?" என்றாள்.

"அண்ணன் கை தொட்டுக் குடுக்காம அவரு தரமாட்டாருங்க, அண்ணி. அப்பா இல்லாத ஊட்டுல அண்ணன்தானுங்களே."

"நான் குடுக்கமாட்டேன்" என்றார் அப்பா. "குடுத்தா நீ தனிக் குடும்பம்னு அர்த்தம். இந்த ஊட்டு நல்லது கெட்டதுக்கு நீ வரோணும்னு இல்ல, உனக்கு ஒண்ணுன்னா நாங்க வரோணும்னு இல்ல. அங்க உனக்கு யாருடா இருக்கா?"

சித்தப்பா கேசரியை முழுசாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

"நீங்க குடுக்காம நான் எடுக்கமாட்டேனுங்ண்ணா. நியூ ஜெர்சிக்கே போறேன்."

அவர்கள் பேசியதில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. அப்பா கையால் கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் பெரியவர்கள் போடுகிற சத்தம். அன்றிலிருந்து நான் கேள்வியாகவே நடமாடினேன். பூட்டின பள்ளிக்கூடத்து வாசலில் முப்பது பேரும் தினமும் வந்து நிற்பார்களா? அம்மன் அங்கே போனால் யாரோடு பேசுவாள்? பொங்கலுக்குப் பதிலாகக் கிழங்கு வைத்தால் கோபித்துக்கொள்வாளா? ஆளை எடை போடுகிற அந்த பிளேனில் அம்மனையும் எடை போடுவார்களா? இதற்கெல்லாம் பதில் தெரியவேண்டுமானால் அம்மன் அங்கே போய்த்தான் ஆகவேண்டும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

சித்தப்பா கிளம்புகிற சனிக்கிழமை காலையில் நானே எழுந்து தலைக்குக் குளித்தேன். அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அலமாரியைத் திறந்து, சாமியிடம் ஸாரி சொல்லி, முடிச்சை அவிழ்த்து, தீர்த்தம் கொடுக்கிற சின்னக் கரண்டியால் ஒரு கரண்டி மண் எடுத்தேன். சித்தப்பாவின் கேமரா ஃபிலிம் வருகிற கறுப்பு டப்பா ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் போட்டு மூடினேன். முடிச்சைத் திரும்ப என்னால் அம்மா மாதிரிப் போட முடியவில்லை. தரையில் வைக்கக்கூடாது என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. டப்பாவை ஒரு கையில் பிடித்தபடி, காலைச் சீரியலைக்கூட மறு கையால்தான் சாப்பிட்டேன். ஷூ லேஸ் கட்ட ஒரு கை போதவில்லை. அம்மாவைக் கட்டச் சொன்னேன். "ஒம்பது வயசாச்சு, இன்னும் லேஸ் கட்டிவிடோணுமா இவளுக்கு?" என்று திட்டிக்கொண்டே கட்டினாள்.

அந்தக் காலத்தில் வழியனுப்புகிறவர்களும் பிளேன் ஏறுகிற கதவு வரைக்கும் போகலாம். ஆஸ்டின் ஏர்போர்ட்டில் டல்லாஸ் பிளேனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே மாறி நியூவார்க் போக வேண்டும். அங்கிள் வந்து நிற்பார். அப்பா கடைசி நேரப் புத்திமதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்வெட்டர் போட்டுக்கோ, இன்டர்வியூவில் பப்புவா பேச்சை எடுக்காதே. நான் அப்பாவின் சட்டையை இழுத்தேன்.

"டாடி, சித்தப்பா ஃபர்காட் திஸ். யூ கிவ் இட்."

"நீயே குடேன்."

"நோ! யூ கிவ். ரைட் ஹேண்ட்."

"சரிங்க மேடம்" என்று சிரித்து, அப்பா வலது கையால் டப்பாவை நீட்டினார். "இந்தாடா, இதை மறந்துட்டியாம்."

சித்தப்பா வாங்கினார். உள்ளே ஃபிலிம் ஆடுகிற சத்தம் வராததால்தானோ என்னவோ, மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். பிறகு அத்தனை பேர் பார்க்க, ஏர்போர்ட் கார்பெட்டில், அப்பாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். டப்பாவைப் பிடித்திருந்த கை மட்டும் தரையில் படாமல் மேலே தூக்கியபடி இருந்தது. தொப்பி போட்ட ஒரு டெக்சாஸ் தாத்தா, யாரோ மயங்கி விழுந்துவிட்டார் என்று ஓடி வந்தார்.

"எந்திரிடா, எல்லாரும் பாக்கறாங்க" என்றார் அப்பா. ஆனால் அவர் கண்ணும் கலங்கிப்போயிருந்தது. வேலை வாங்கிக் கொடுத்ததற்குத் தம்பி இப்படி உருகுகிறானே என்று நினைத்திருப்பார். தலையில் கை வைத்து, "போயிட்டு வா. நல்லா இரு" என்றார். சித்தப்பா என் கன்னத்தைத் தட்டிவிட்டு, டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. பிடிமண் கொண்டு போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது.

சாயங்காலம் நியூ ஜெர்சி அங்கிள் ஃபோன் பண்ணினார். நியூவார்க்கில் ரெண்டு மணி நேரம் நின்றேன், உங்கள் தம்பி இறங்கவே இல்லை என்றார். அப்பா பிளேன் கம்பெனிக்கு ஃபோன் பண்ணினார். டல்லாஸ் வரைக்கும் வந்திருக்கிறார், அதற்கு மேல் ஏறவில்லை என்றார்கள். அப்பா டல்லாஸில் தெரிந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் பண்ணினார். அம்மா மஞ்சள் துணியில் ஒரு டாலர் காசை முடிந்து சாமி தட்டில் வைத்தாள். வைக்கும்போது சம்புடத்தின் மேல் அவள் கை ஒரு நொடி நின்றது. எனக்குத் தெரியும், சித்தப்பா எங்கே போகிறார் என்று. சொல்லியிருக்கலாம். அப்பா போட்ட சத்தத்தில் எனக்கு வாய் திறக்கவில்லை. அந்த ஒரு ராத்திரிப் பாவம் என் கணக்கில்தான்.

மறுநாள் காலையில் ஃபோன் அடித்தது. அப்பா பாய்ந்து எடுத்தார். நாங்கள் கேட்டது அப்பாவின் பக்கத்துப் பேச்சு மட்டும்தான்.

"எங்கடா இருக்கே? … லாஸ் ஏஞ்சல்ஸா? அங்க எதுக்குடா போனே? … பப்புவா ரிட்டர்ன் டிக்கெட்டா? யாரைக் கேட்டு … நானா? நான் எப்படா குடுத்தேன்—"

அதோடு நின்றுவிட்டார். ஃபோனுக்குள் சித்தப்பாவின் குரல் விடாமல் வந்துகொண்டிருந்தது. வார்த்தை புரியவில்லை. சந்தோஷமாகப் பேசுகிறார் என்பது மட்டும் தெரிந்தது. அப்பா திரும்பிச் சாமி அலமாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். சித்தப்பாவே காசு போதவில்லை, லைன் கட்டாகப் போகிறது என்று சொல்லியிருக்கவேண்டும். ஏனென்றால் அப்பா அவசரமாகப் பேசினார்.

"டேய், கேளு. தரையில வெக்காமக் கொண்டு போறியா? … மடியிலயே வெச்சுக்க. எறங்கற வரைக்கும் மடியிலயே இருக்கட்டும்."

ஃபோனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். அம்மா, "நான் குடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தம்பி திரும்பி வந்திருக்குமேங்க" என்றாள்.

"வந்திருப்பான்" என்றார் அப்பா.

அம்மா அலமாரியைத் திறந்து சம்புடத்தைப் பார்த்தாள். நான் போட்ட அலங்கோல முடிச்சை அவிழ்த்து ஒழுங்காகப் போட்டாள். பிறகு என்னிடம், "குளிச்சிட்டுத்தானே தொட்டே?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

நியூ ஜெர்சி அங்கிள் எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார். சொந்தத்தில் ஆளுக்கு ஒரு கதை கட்டினார்கள். அப்பா எதையும் மறுக்கவில்லை. மறுத்தால் என் பேரும் வெளியே வரும் என்று விட்டுவிட்டாரோ என்னவோ. ரெண்டாயிரத்து ஒன்றில் வேலை போய் நாங்கள் ஊருக்கே திரும்பிவிட்டோம். சித்தப்பா அங்கேயே கல்யாணம் பண்ணி, பிள்ளைகளைப் பெற்று, அதே பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். ஓடை மேட்டில் அம்மனுக்கு ஒரு கல் நட்டிருக்கிறார். வருஷம் ஒரு நாள் பொங்கலோடு கிழங்கும் வைக்கிறார்களாம். அம்மனுக்குக் கோபம் இல்லை என்றுதான் தெரிகிறது.

தான் கொடுக்கவில்லை என்பதை மறைத்து அப்பா ஃபோனில் பொய் சொல்லிவிட்டார் என்றே நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் தந்திரத்தில் பெரியவர்களே மாட்டிக்கொண்டார்கள் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதானால், தயவுசெய்து ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், இப்படியே சொல்லுங்கள். யாரும் யாரையும் மயக்கவில்லை. மண்ணை எடுத்தவள் நான். சித்தப்பா வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். கொடுத்தவர் என் அப்பா. ஏர்போர்ட்டில் அவர் நீட்டியது வெறும் ஃபிலிம் டப்பா. மறுநாள் காலையில், ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாரே, அப்போதுதான் அவர் மண்ணைக் கொடுத்தார். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தும் அது எனக்குத் தெரியவில்லை.